ஈரல் நோயும் மூளையின் இரும்பும்

ஒரு தாளில் 1 முதல் 25 வரையுள்ள எண்கள், ஒவ்வொன்றும் ஒரு சிறு வட்டத்துக்குள் அடைபட்டு, கை போன போக்கில் இறைத்துவிட்டாற்போல் அங்குமிங்குமாக அச்சிடப்பட்டிருக்கின்றன. பென்சிலை எடுக்காமல் ஒன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்குமாக வரிசை தவறாமல் கோடிழுத்துக்கொண்டு போய் இருபத்தைந்தில் நிறுத்த வேண்டும். எதிரே அமர்ந்திருக்கும் வைத்தியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு விளையாட்டாகத் தோன்றக்கூடிய இந்தக் காரியத்தை, ஆயுள் முழுவதும் கடைக் கணக்கு எழுதிய மனிதர் ஒருவர் செய்யத் தொடங்கி, பதினொன்று வரையில் தட்டுத் தடுமாறி வந்து, கண்ணெதிரிலேயே இருக்கும் பன்னிரண்டைக் காணாமல் தாளை மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தால், அவருக்குக் கண்ணில் கோளாறு என்றோ, வயதாகிவிட்டது என்றோதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நோய் அவருடைய வலது விலா எலும்புகளுக்கு அடியில், கல்லீரலில் இருக்கிறது என்பது யாருக்கும் உடனே தோன்றாது.

ஈரல் கெட்டால் புத்தி தடுமாறும் என்பது வைத்திய சாஸ்திரத்துக்குப் புதிய செய்தியன்று. மென்மையான ஈரல் தழும்பின்மேல் தழும்பேறி இறுகிச் சுருங்கிப்போகும் சிரோசிஸ் என்னும் நோயில், பகலெல்லாம் தூங்கி வழிவதும் இரவெல்லாம் விழித்திருப்பதும், நேற்றுவரை முத்து முத்தாக இருந்த கையெழுத்து இன்று கோணலாகிப் போவதும், சொன்னதையே திரும்பச் சொல்வதும் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுவதுண்டு. கைகளை முன்னே நீட்டி, வண்டியை நிறுத்தச் சொல்லும் போக்குவரத்துக் காவலரைப்போல் உள்ளங்கையை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னால், மணிக்கட்டு திடீரென்று தளர்ந்து விழுந்து மறுகணமே நிமிர்வதை, பறவை சிறகடிப்பதற்கு ஒப்பான அந்த அசைவை, ஆடம்ஸ், ஃபோலி என்னும் இரு அமெரிக்க வைத்தியர்கள் 1949இல் விவரித்தார்கள். இன்றும் கட்டிலருகே செய்யப்படும் முதல் பரிசோதனைகளில் அது ஒன்று. இவற்றுக்கெல்லாம் முதற் காரணமாகச் சொல்லப்படுவது அமோனியா: குடலில் உண்டாகும் அந்த நச்சை யூரியாவாக மாற்றிச் சிறுநீருக்கு அனுப்பிவைப்பது ஈரலின் வேலை, வேலைக்காரன் படுத்துவிட்டால் நச்சு ரத்தத்தோடு மூளைக்குப் போகிறது. இந்தக் கதை பலருக்கும் தெரிந்தது. இங்கே அதை விரிக்கப் போவதில்லை. அமோனியா வந்து போகும் விருந்தாளி. வந்து தங்கிவிடுகிறவையும் சில உண்டு, அவை உலோகங்கள்.

நம் சரீரத்தில் இருக்கும் இரும்பு முழுவதையும் திரட்டினாலும் மூன்று, நான்கு கிராமுக்கு மேல் தேறாது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ரத்தத்தின் சிவப்பில் கிடக்கிறது. சுமார் ஒரு கிராம் வரையில் ஈரல் முதலான கிடங்குகளில் சேமிப்பாக இருக்கிறது. நாள்தோறும் ஆகாரத்திலிருந்து உள்ளே வருவது ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான். ஆனால் செத்துப்போன பழைய ரத்த அணுக்களிலிருந்து மீட்டெடுத்துப் புது அணுக்களுக்காகத் திரும்பக் கொடுக்கப்படுவதோ 20, 25 மில்லிகிராம். வரவு சொற்பம், புழக்கம் அதிகம் என்னும் இந்தக் குடித்தனத்தில் ஒரு விசித்திரம் என்னவென்றால், மிஞ்சிய இரும்பை வெளியேற்றுவதற்கென்று நம் உடம்பில் தனியாக ஓர் அவயவமே கிடையாது. ஆகவே வாசலில் நிற்கும் காவலையே நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காவல் ஹெப்சிடின் என்னும் சிறு புரதம். 2000ஆம் ஆண்டையொட்டித்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். இரும்பு நிறைய இருந்தால் ஈரல் ஹெப்சிடினைச் சுரந்து குடலின் கதவைச் சாத்துகிறது. குறைந்தால் சுரப்பைக் குறைத்துக் கதவைத் திறக்கிறது. ரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரினைச் செய்வதும், இரும்பை ஃபெரிட்டின் என்னும் புரதக் கூட்டுக்குள் பூட்டிப் பத்திரப்படுத்துவதில் பெரும்பங்கு ஏற்பதும் ஈரல்தான். காவலாளியும் அதுவே, வண்டிக்காரனும் அதுவே, பண்டகசாலையும் அதுவே என்றால், அது நோயுற்ற நாளில் கணக்கு எப்படிச் சரியாக இருக்கும்? சுருங்கிப்போன ஈரல் போதிய ஹெப்சிடினைச் சுரப்பதில்லை. மதுவோ நல்ல ஈரலிலும் அந்தச் சுரப்பை அடக்கிவிடுகிறது. கதவு திறந்தபடியே கிடக்கிறது.

மூளையின் இரும்புக்கு ஒரு தனிச் சரித்திரம் உண்டு. 1867இல் மாக்ஸ் பெர்ல்ஸ் என்னும் ஜெர்மானியர், உடல் திசுவின் மெல்லிய சீவலை அமிலத்திலும் பொட்டாசியம் ஃபெரோசயனைடிலும் நனைத்தால், இரும்பு இருக்கும் இடம் மட்டும் பளிச்சென்று நீலமாகிவிடுகிறது என்று காட்டினார். சித்திரக்காரர்கள் அதற்கு முன்பே ஒன்றரை நூற்றாண்டாகக் குழைத்துவந்த பிரஷ்ய நீலமேதான் அது. 1922இல் ஷ்பாட்ஸ் என்பவர் இதே முறையில் மூளைச் சீவல்களைச் சாயமிட்டுப் பார்த்தபோது, நீலம் எல்லா இடத்திலும் ஒரேபோல் படரவில்லை. மூளையின் அடித்தளத்தில், நம் அசைவுகளைச் சீர்ப்படுத்தும் முடிச்சுகளில்தான் குவிந்து நின்றது. அவற்றுள்ளும் மிகுதியாக நீலமேறியது குளோபஸ் பாலிடஸ் என்னும் சிறு பாகம். லத்தீன் மொழியில் அதற்கு வெளிறிய உருண்டை என்று பொருள். பெயர் வைத்தவர்கள் இந்தச் சாயத்தைப் பார்க்காதவர்கள்.

இந்த நீலத்தை எண்ணாக மாற்றியவர்கள் ஹால்கிரென், சூராண்டர் என்னும் ஸ்வீடன் தேசத்தார் இருவர். 81 பேருடைய மூளைகளைப் பிரேத பரிசோதனையில் எடுத்துப் பகுதி பகுதியாக இரும்பை அளந்து, 1958இல் அவர்கள் வெளியிட்ட கணக்கை இன்றைய ஆராய்ச்சியாளர்களும் மேற்கோள் காட்டாமல் இருப்பதில்லை. வெளிறிய உருண்டையில் நூறு கிராம் திசுவுக்குச் சுமார் 21 மில்லிகிராம் இரும்பு. ஒப்புநோக்குவதற்காக அவர்கள் அளந்த ஈரலில் சுமார் 13 மில்லிகிராம். இரும்புக் கிடங்கு என்று பெயரெடுத்த ஈரலைவிட, மூளையின் நடுவே கடலைப் பருப்புகள் சிலவற்றைச் சேர்த்தாற்போன்ற ஓரிடத்தில் எடைக்கு எடை இரும்பு அதிகம்! குழந்தை பிறக்கும்போது அங்கே இரும்பு மிகக் குறைவு. இளமையில் வேகமாக ஏறி, 30 வயதையொட்டி மட்டுப்படுகிறது. ஆகையால் மூளையில் இரும்பு இருக்கிறது என்பது நோயாகாது. எத்தனை வயதில், எந்த இடத்தில், எவ்வளவு என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்கு உயிருள்ள மனிதரிடம் விடை காண்பது எப்படி? ஈரலிலாவது ஊசியைச் செலுத்தி ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கலாம். மூளையில் அப்படிச் செய்யத் துணிபவர் யார்? இங்கேதான் எம்.ஆர்.ஐ. உதவிக்கு வருகிறது. மூளையின் எடையில் முக்கால் பங்கு நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் உட்கருவும் ஓர் அதிசூட்சுமமான காந்தம். பூமியின் காந்தத்தைப்போல் சுமார் 60,000 மடங்கு வலிமையுள்ள 3 டெஸ்லா காந்தக் குகைக்குள் மனிதர் படுக்கும்போது, இந்த உட்கருக்கள், சுழலும் பம்பரம் சாய்ந்து தலையாட்டுவதுபோல், வினாடிக்கு 12 கோடியே 77 லட்சம் தடவை தலையாட்டுகின்றன. அதே கதியில் ஒரு ரேடியோ அலையை அனுப்பித் தட்டிவிட்டால் எல்லாம் ஒருமித்து ஆடி, தாமும் ஒரு மெல்லிய சைகையைத் திருப்பியனுப்புகின்றன. சுற்றிலும் வைத்திருக்கும் கம்பிச் சுருள்கள் அதைக் கேட்டுப் படமாக்குகின்றன. உள்ளே கிடப்பவருக்குக் கேட்பதெல்லாம் தகரத்தை யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோன்ற இரைச்சல்தான்.

ஒரு பஜனைக் கோஷ்டி ஒரே தாளத்தில் கைதட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு பேர் தட்டினாலும் ஒரே தட்டாகக் கணீரென்று கேட்கும். அவர்களில் சிலர் ஒரு மயிரிழை துரிதமாகவும் சிலர் ஒரு மயிரிழை தாமதமாகவும் தட்டத் தொடங்கினால், கைதட்டுபவர் எண்ணிக்கை குறையாமலே, அந்த ஒற்றை ஓசை சிதறிச் சலசலப்பாகித் தேய்ந்துவிடும். மூளைக்குள் இரும்பு செய்யும் குறும்பு இதுவே. ஃபெரிட்டின் என்னும் ஒரு கூட்டுக்குள் 4,500 வரையில் இரும்பணுக்கள் துருவுக்கு உறவான ஒரு கனிமமாக அடைபட்டிருக்கக்கூடும். குகையின் காந்தத்தில் அவையும் காந்தமாகித் தம் அண்டையிலுள்ள காந்தப் புலத்தை ஏற்றியும் இறக்கியும் விடுவதால், அக்கம்பக்கத்து நீரின் உட்கருக்கள் தாளம் தப்புகின்றன. வெளிறிய உருண்டையிலிருந்து வரும் சைகை, வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடுகிறது. மூளையின் மேற்புறணிக்கு அதைப்போல் இருமடங்கு அவகாசம் கிடைக்கிறது. சீக்கிரம் தேய்ந்த இடம் படத்தில் கருமையாக விழும். 1986இல் ட்ரேயரும் அவருடைய சகாக்களும், எம்.ஆர்.ஐ. படத்தில் கருத்த இடங்களும் பெர்ல்ஸ் சாயத்தில் நீலமான இடங்களும் ஒன்றோடொன்று பொருந்துவதை எடுத்துக்காட்டினார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் ஷ்பாட்ஸ் கண்ணாடிச் சில்லில் பார்த்த சித்திரத்தை, மண்டையோட்டைத் திறக்காமலே பார்க்கும் காலம் வந்தது.

ஆனால் கருமை என்பது ஒரு முரட்டுச் சாட்சி. தாளம் தப்பியது என்று அது சொல்லுமே தவிர, தப்பியவர் முந்தினாரா பிந்தினாரா என்று சொல்லாது. இரும்பு தன் உள்ளே காந்தப் புலத்தைச் சற்று வலுப்படுத்தும் பாரா காந்தப் பொருள். சுண்ணாம்போ அதைச் சற்று மெலிவிக்கும் டயா காந்தப் பொருள். முதியவர்களின் வெளிறிய உருண்டையில் சுண்ணாம்பு படிவதும் சாதாரணமே. இரண்டும் படத்தில் கருப்பாகத்தான் விழும். கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் வளர்ந்துள்ள காந்த ஏற்புத்திறன் வரைபடம் என்னும் உபாயம் இந்தச் சிக்கலை அவிழ்க்கிறது. முந்தியதா, பிந்தியதா என்னும் செய்தி சைகையிலேயே முன்பும் இருந்ததுதான். பயன் தெரியாமல் அதை ஒதுக்கிவைத்திருந்தார்கள். இப்போது அதை எடுத்துக்கொண்டு, குளத்தின் அலைகளை மட்டும் பார்த்து, கல் எங்கே விழுந்தது, எத்தனை பெரிய கல் என்று கணக்கிடுவதுபோல், புலத்தின் ஏற்றவிறக்கங்களிலிருந்து அவற்றை உண்டாக்கிய பொருள் எங்கே, எவ்வளவு என்று பின்னோக்கிக் கணிக்கிறார்கள். இரும்பு ஒரு பக்கமும் சுண்ணாம்பு எதிர்ப்பக்கமுமாகப் பிரிந்து நிற்கின்றன. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், இறந்தவர்களின் மூளைகளை முதலில் எம்.ஆர்.ஐ.யில் படமெடுத்து, பிறகு அதே இடங்களை வெட்டியெடுத்து ரசாயன முறையில் இரும்பை அளந்து, படத்தின் எண்ணும் உலோகத்தின் எடையும் சாம்பல்நிறப் பகுதிகளில் நன்றாக ஒத்துப்போவதை 2012இல் நிரூபித்தார்கள்.

இனி ஈரல் நோயாளிக்கு வருவோம். அவருடைய மூளையில் முதலில் கண்ணில் பட்டது கருமையன்று, வெண்மை. வேறொரு முறையில் எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. படத்தில், சிரோசிஸ் நோயாளிகள் பெரும்பாலோருடைய வெளிறிய உருண்டை இரு பக்கமும் விளக்கேற்றி வைத்தாற்போல் வெளுத்து நிற்கிறது. அதன் காரணம் மாங்கனீசு. பித்தத்தின் வழியே ஈரல் வெளியேற்றவேண்டிய அந்த உலோகம், பித்த வழி பழுதானதாலும், குடலின் ரத்தம் ஈரலுக்குள் நுழையாமல் குறுக்குவழியில் சுற்றிப் போவதாலும், மூளையை அடைந்து தங்கிவிடுகிறது. 1990களில் பிரேத பரிசோதனைகள் இதை உறுதிசெய்தன. மாங்கனீசு அரைக்கும் ஆலையில் வேலைசெய்தவர்கள் கால் தள்ளாடி, முகபாவம் இழந்து போனதை 1837லேயே ஜான் கூப்பர் என்னும் ஸ்காட்லாந்து வைத்தியர் எழுதிவைத்திருக்கிறார். ஈரல் மாற்று சிகிச்சை பெற்றவர்களுக்கு இந்த வெண்மை சில மாதங்களில், ஓராண்டுக்குள்ளாக, மெல்ல மங்கி மறைகிறது. ஆனால் வெண்மையின் அளவும் அறிவு மயக்கத்தின் அளவும் கைகோத்துச் செல்வதில்லை. படத்தில் பிரகாசமாக இருப்பதே நோய்க்குக் காரணம் என்று எண்ணிவிடக்கூடாது என்பதற்கு இது முதல் எச்சரிக்கை.

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் சுவையானது. அதற்கு லண்டன் குவீன் ஸ்குவேர் நரம்பு மருத்துவமனைக்கு, ஒரு நூற்றாண்டு பின்னே போகவேண்டும். 1912இல் கின்னியர் வில்சன் என்னும் வைத்தியர், ஒரே குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இளமையிலேயே கைகால் நடுங்கி, விறைத்து, பேச்சுக் குழறி, இறந்த பின் பார்த்தால் மூளையின் அடித்தள முடிச்சுகள் நைந்தும், ஈரல் முடிச்சு முடிச்சாகச் சுருங்கியும் இருக்கக் காணும் ஒரு நோயை விரிவாக எழுதினார். ஈரலையும் மூளையையும் ஒரே மூச்சில் பிடிக்கும் அந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கம்மிங்ஸ் என்பவர் 1948இல் அந்த நோயாளிகளின் ஈரலிலும் மூளையிலும் தாமிரம் மிதமிஞ்சி இருப்பதை அளந்து காட்டினார். 1956இல் வால்ஷ் என்பவர் பெனிசிலமைன் என்னும் மருந்தினால் தாமிரத்தைச் சிறுநீரின் வழியே இழுத்து வெளியேற்றலானார். 1993இல் பிழைபட்ட மரபணு பிடிபட்டது. கருவிழியின் ஓரத்தில் பழுப்புப் பச்சை வளையமாகத் தாமிரம் படிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆதியோடந்தமாக இது தாமிரத்தின் கதை. ஆகவே வில்சன் நோயாளிகளின் மூளையை எம்.ஆர்.ஐ.யில் படமெடுத்தபோது அடித்தள முடிச்சுகள் கருத்தும், ஏற்புத்திறன் வரைபடத்தில் எண்கள் உயர்ந்தும் காணப்படவே, அது தாமிரத்தின் அடையாளமே என்று பலர் எண்ணியதில் வியப்பில்லை.

வியப்பு பிறகு வந்தது. தாமிரம் இரண்டு நிலைகளில் இருக்கும். ஒன்று டயா காந்தம், மற்றது பலவீனமான பாரா காந்தம். அப்படிப்பட்ட தாமிரம் இத்தனை கருமையை உண்டாக்குமா என்ற சந்தேகம் பௌதிகம் அறிந்தவர்களுக்கு எழுந்தது. பிராக் நகரத்து துஷெக்கும் அவருடன் சேர்ந்த ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்களும், வில்சன் நோயால் இறந்தவர்களின் மூளைத் துண்டுகளை 7 டெஸ்லா இயந்திரத்தில் படமெடுத்து, அந்தத் துண்டுகளையே சாயமிட்டும் ரசாயன முறையில் அளந்தும் ஒப்பிட்டு, 2017இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். அந்த மூளைகளில் தாமிரம் அதிகமாக இருந்தது உண்மை. ஆனால் படத்தின் கருமை தாமிரத்தோடு பொருந்தவில்லை, இரும்போடு பொருந்தியது. அழிந்த திசுவைத் துப்புரவு செய்ய வந்த விழுங்கணுக்கள், அள்ளிய இரும்பைத் தமக்குள் வைத்துக்கொண்டு அங்கேயே கிடந்தன. தாமிரத்தால் வந்த நோயில், படம் காட்டியது இரும்பை!

நம் தர்க்க சாஸ்திரிகள் அறியும் வழிகளைப் பிரத்தியட்சம், அனுமானம் முதலியனவாகப் பிரித்து, மலைமேல் புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பதை அனுமானத்துக்கு உதாரணமாகச் சொல்லுவார்கள். ஸ்கேன் படத்தைக் கையில் வாங்குகிறவர்கள் அதைப் பிரத்தியட்சம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என்னுடைய அபிப்பிராயம், மூளையின் இரும்பைப் பற்றியவரை அது முற்றிலும் அனுமானம் என்பதே. கண்டது தாளம் தப்பிய நீர், ஊகித்தது உலோகம். புகை எது, மூடுபனி எது என்று பிரித்தறியாமல் நெருப்பென்று கூவினால் வில்சன் நோயில் நடந்ததுதான் நடக்கும்.

இரும்பு ஏன் அங்கே வந்தது என்பதற்கு ஒரு துப்பு, ஜப்பானில் 1987இல் மியாஜிமா முதலியோர் விவரித்த ஓர் அபூர்வ நோயில் கிடைத்தது. ஈரல் செய்து ரத்தத்தில் விடும் செருலோபிளாஸ்மின் என்னும் நீலநிறப் புரதம் தன்னோடு தாமிரத்தைப் பிணைத்து வைத்திருப்பது. அதனால் அது தாமிரத்துக்கான புரதம் என்றே கருதப்பட்டது. ஆனால் பிறவியிலேயே அது இல்லாதவர்களுக்குக் கெட்டுப்போவது தாமிரத்தின் கணக்கன்று. இரும்பு ஈரலிலும், கணையத்திலும், கண்ணின் விழித்திரையிலும், மூளையின் அடித்தள முடிச்சுகளிலும் குவிந்து, நீரிழிவும் பார்வைக் குறைவும் நடுக்கமும் மறதியும் வரிசையாக வந்து சேர்கின்றன. அணுக்களின் உள்ளிருந்து வெளியே வரும் இரும்பை, டிரான்ஸ்ஃபெரின் ஏற்றுக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்பதே அந்தப் புரதத்தின் உண்மையான தொழில். அந்த நோயாளிகளின் எம்.ஆர்.ஐ.யில் வயிற்றைப் பார்த்தால் ஈரல் கருத்திருக்கிறது. தலையைப் பார்த்தால் மூளையின் நடுப்பகுதி கருத்திருக்கிறது. வில்சன் நோயாளிகளில் பெரும்பாலோருக்கும் இந்தப் புரதம் குறைவு என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அபூர்வ நோய்களை விட்டு, அன்றாடம் காணும் நோய்களுக்கு வந்தால் சித்திரம் அவ்வளவு தெளிவாக இல்லை. ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியால் ஈரல் சுருங்கியவர்களின் அடித்தள முடிச்சுகளில் இரும்பு மிகுந்திருப்பதற்கான அடையாளங்களைச் சீன ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். பரம்பரையாக இரும்பு மிகும் ஹீமோகுரோமட்டோசிஸ் நோயில், ஈரலும் இருதயமும் இரும்பால் நிரம்பினாலும் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள மதில் மூளையைக் காத்துவிடும் என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். அந்த மரபணுப் பிழையைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்ற பிரிட்டிஷ் மக்களின் படங்களை 2022இல் ஆராய்ந்தபோது, அசைவுக்குரிய மூளைப் பகுதிகளில் இரும்பின் அடையாளம் தென்பட்டது. மதிலிலும் கதவு உண்டு போலும். அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள், யூகே பயோபேங்க் என்னும் தொகுப்பிலுள்ள சுமார் 21,000 பேருடைய மூளைப் படங்களையும், அவர்களில் ஏறக்குறைய 7,000 பேருடைய ஈரல் படங்களையும் மது அருந்தும் பழக்கத்தோடு ஒப்பிட்டார்கள். வாரத்துக்கு 7 அலகு, அதாவது 56 கிராம் சாராயச் சத்துக்கு மேல் அருந்துகிறவர்களின் அடித்தள முடிச்சுகளில் இரும்பின் அடையாளம் கூடியிருந்தது. ஈரலில் அது கூடியதோ 11 அலகைத் தாண்டியவர்களிடம். இவர்கள் யாரும் நோயாளிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். தம்மை மிதமாகக் குடிப்பவர்கள் என்று சொல்லிக்கொள்ளக்கூடியவர்களே அவர்களில் அதிகம். மதுதான் இரும்பைச் சேர்த்தது என்று இத்தகைய ஒப்பீடு நிரூபித்துவிடாது. ஆனால் வாரத்துக்கு இரண்டு தடவைதானே என்பவருக்குச் சொல்லிவைக்கவேண்டிய செய்தி.

சமையலறையிலிருந்து ஒரு விஷயத்தை இங்கே எடுத்துச் சொல்லவேண்டும். அடுப்பில் குழம்பு வற்றிவிட்டால் உப்புக் கரிக்கிறது; யாரும் கூடுதலாக உப்புப் போடவில்லை. நாள்பட்ட ஈரல் நோயிலும் மதுப் பழக்கத்திலும் மூளைத் திசு சுருங்குவதுண்டு. திசு வற்றி, இருந்த இரும்பு இருந்தபடியே இருந்தாலும், படத்தில் அடர்த்தி ஏறித்தான் தெரியும். புதிதாக வந்து சேர்ந்த இரும்பையும் வற்றியதால் கரித்த இரும்பையும் பிரிக்க வேண்டுமானால், அடர்த்தியோடு அந்தப் பகுதியின் கனஅளவையும் சேர்த்து அளக்கவேண்டும். அப்படி அளக்காத கட்டுரையைச் சற்றுச் சந்தேகத்தோடு படிப்பதே முறை. பிராணவாயுவை இழந்த ரத்தம் ஓடும் சிரைகளும் பாரா காந்தத்தால் கருப்பாகத் தெரிவதால், முடிச்சுகளின் ஓரத்தில் ஓடும் சிரையை இரும்பென்று எண்ணுகிற அபாயமும் உண்டு. எல்லாவற்றிலும் பெரிய இடையூறு நோயாளியே. இந்தப் படத்துக்குப் பல நிமிஷங்கள் தலையை அசைக்காமல் படுத்திருக்கவேண்டும். புத்தி தெளிவாக இருப்பவருக்கே அந்த இரைச்சலில் அது கஷ்டம். கை சிறகடிக்கிற, சொன்னது மறந்துபோகிற நோயாளியின் படம் கலங்கிவிடுகிறது. கலங்கிய படத்தை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். ஆகவே நாம் படிக்கும் முடிவுகளில் பலவும், நோய் முற்றியவர்களைப் பற்றியவையாக இல்லாமல், அசையாமல் படுக்க முடிந்தவர்களைப் பற்றியவையாகவே இருந்துவிடுகின்றன.

மூளையின் இரும்பை அளப்பது இன்று ஆராய்ச்சிக்கூடத்தின் கருவி. சிரோசிஸ் நோயாளிக்கு மருந்து தீர்மானிக்கும் தராசு அன்று. அமோனியாவால் வரும் மயக்கத்துக்குக் குடலைச் சுத்தி செய்யும் லாக்டுலோஸ் முதலிய மருந்துகள் இருக்கின்றன. காலத்தில் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் ஈரல் நோயுள்ள பெரியவர் ஒருவர் பகலில் தூங்கி இரவில் விழிக்கத் தொடங்கினாலோ, கையெழுத்துக் கோணினாலோ, தெரிந்த வழியில் திகைத்து நின்றாலோ, வயதின் கோளாறு என்று விட்டுவிடாமலும், ஸ்கேன் எடுக்கும் நாளுக்குக் காத்திராமலும், அன்றைக்கே வைத்தியரிடம் அழைத்துக்கொண்டு போங்கள்.